உறை ஊற்றி வைத்த ஞாபகம்

நம் நாட்டில் தூங்காதவருக்குத்தான் மரியாதை. அர்ஜுனனுக்குக் குடாகேசன் என்று ஒரு பெயர் உண்டு. தூக்கத்தை வென்றவன் என்று உரையாசிரியர்கள் பொருள் சொல்வார்கள். வனவாசம் முழுவதும் கண்ணயராமல் காவல் நின்ற லட்சுமணன் லட்சியத் தம்பி. ராமானுஜரின் சீடர்களில் ஒருவருக்கு உறங்காவில்லி என்றே பெயர். எதிர்ப்பக்கத்தில் பாவம், கும்பகர்ணன். அண்ணனுக்கு நியாயம் எடுத்துச் சொன்னவன், தோற்போம் என்று தெரிந்தும் போருக்குப் போனவன். ஆனால் ஜனங்கள் ஞாபகம் வைத்திருப்பது அவனுடைய குறட்டையை.

இந்த மரியாதை இன்றும் குறையவில்லை. நாலு மணி நேரம்தான் தூங்குகிறேன் என்று பேட்டி கொடுக்கும் பிரமுகருக்குக் கைதட்டல் கிடைக்கிறது. பரீட்சைக்கு முந்தின ராத்திரி விடிய விடியப் படிக்கும் பிள்ளைக்கு அம்மா ஃபிளாஸ்கில் காபி ஊற்றி வைக்கிறாள். கற்பது என்பது விழித்திருக்கும்போது நடக்கும் காரியம், தூக்கம் அதில் விழும் ஓட்டை. ஓட்டையை அடைத்தால் லாபம். இதுதான் நம் கணக்கு.

கணக்கு தப்பு என்று ஒரு சாட்சி 30 ஆண்டுகளாகச் சொல்லி வருகிறது. சாட்சியின் பெயர் எலி.

எலிக்கு வாழ்க்கையில் தெரிந்தாக வேண்டிய சங்கதிகள் இரண்டு. எது எங்கே இருக்கிறது என்பது ஒன்று. யார் யார் என்பது இன்னொன்று. தீனி இருக்கும் மூலையும் பூனை வரும் வழியும் முதல் ரகம். எதிரே வந்து மூக்கை நீட்டும் இன்னொரு எலி உறவா, அந்நியனா என்பது இரண்டாவது ரகம். இரண்டையும் பதிவு செய்யும் வேலையில் பெரும்பங்கு மூளைக்குள் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதிக்கு. கடல்குதிரை போல வளைந்திருப்பதால் அந்தப் பெயர். நமக்கும் அது உண்டு.

1971-இல் லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் ஜான் ஓ’கீஃப் ஒரு விசித்திரத்தைக் கண்டார். நடமாடும் எலியின் ஹிப்போகேம்பஸில் நுண்ணிய மின்கம்பிகளைப் பொருத்திக் கேட்டபோது, ஒரு குறிப்பிட்ட நரம்புச் செல், எலி ஒரு குறிப்பிட்ட இடத்துக்கு வரும்போது மட்டும் படபடத்தது. எலி நகர்ந்ததும் அது அடங்க, வேறொரு செல் பேச ஆரம்பித்தது. இடத்துக்கு ஒரு செல் என்று எலியின் தலைக்குள் ஒரு வரைபடமே இருந்தது. இதற்காக ஓ’கீஃபுக்கு 2014-இல் நோபல் பரிசு கிடைத்தது. நார்வேயின் மே-பிரிட் மோஸர், எட்வர்ட் மோஸர் தம்பதி பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

இந்தச் செல்கள் பேசுவதைக் கேட்க முடியும் என்றானதும் அடுத்த கேள்வி தானாக எழுந்தது: எலி தூங்கும்போது இவை என்ன செய்கின்றன?

அமெரிக்காவில் அரிசோனா பல்கலைக்கழகத்தின் மாத்யூ வில்சனும் புரூஸ் மெக்நாட்டனும் 1994-இல் பதில் சொன்னார்கள். பகலில் நடமாடும்போது எந்தெந்தச் செல்கள் ஜோடியாக இயங்கினவோ, அவை அதற்குப் பிறகு வந்த தூக்கத்திலும் ஜோடியாக இயங்கின. அந்த நடமாட்டத்துக்கு முந்தின தூக்கத்தில் அப்படி இல்லை. பிறகு எம்.ஐ.டி.க்குப் போன வில்சன், ஆல்பர்ட் லீயுடன் சேர்ந்து 2002-இல் இன்னொரு படி மேலே போனார். எலி ஒரு பாதையில் ஓடும்போது செல்கள் எந்த வரிசையில் இயங்கினவோ அதே வரிசை ஆழ்ந்த தூக்கத்திலும் திரும்ப வந்தது. ஆனால் சுமார் 20 மடங்கு வேகத்தில். உடம்பு சுருண்டு கிடக்க, எலி மூளைக்குள் அந்தப் பாதையில் மறுபடி ஓடிக்கொண்டிருந்தது.

இங்கே ஒரு சந்தேகம் நியாயமானது. மணி அடித்து ஓய்ந்த பிறகும் ரீங்காரம் கொஞ்ச நேரம் நிற்கும். ரீங்காரத்தால் யாருக்கும் பயனில்லை. எலியின் தூக்கத்தில் ஒலிப்பதும் வெறும் ரீங்காரமாக இருந்தால்? எலியைத் தூங்கவிடாமல் செய்து பார்த்தால் தெரியும் என்று சொல்லலாம். அதிலும் வம்பு உண்டு. தூங்கவிடாமல் தொந்தரவு செய்த எலி பரீட்சையில் தோற்றால், காரணம் தூக்கமின்மையா, தொந்தரவா?

2009-இல் பாரிஸில் நடந்த ஒரு பரிசோதனை இந்த முடிச்சை அழகாக அவிழ்த்தது. கப்ரியேல் ஜிரார்தோவும் அவர் சகாக்களும் எட்டுக் கிளைகள் கொண்ட ஒரு மேடையில் எலிகளைப் பழக்கினார்கள். எட்டில் மூன்று கிளைகளில் மட்டும் தீனி. தினமும் அதே மூன்று. ஓட்டம் முடிந்ததும் எலிகளைத் தூங்கவிட்டார்கள். இதற்கு முன்பே தெரிந்த ஒரு விஷயம்: பாதை மறு ஓட்டம் ஓடும் தருணங்களில் ஹிப்போகேம்பஸில் மின்னலைகள் சின்னதாகச் சிலிர்க்கும். கண்ணிமைப்பை விடக் குறைந்த நேரம்தான். சிற்றலை என்று வைத்துக்கொள்வோம். சிற்றலை தலைகாட்டிய அந்தக் கணத்தில் ஒரு துளி மின்சாரம் கொடுத்து அதை மட்டும் கலைத்தார்கள். ஓட்டத்துக்குப் பிறகு ஒரு மணி நேரம் இந்த வேலை நடந்தது. இன்னொரு கூட்டம் எலிகளுக்கும் அதே எண்ணிக்கையில் அதே மின்சாரம், ஆனால் சிற்றலை அடங்கிய பிறகு.

இரண்டு கூட்டமும் தூங்கின. தூக்கத்தின் அளவில் வித்தியாசம் இல்லை. ஆனால் சிற்றலையைப் பறிகொடுத்த எலிகள் அந்த மூன்று கிளைகளைக் கற்றுக்கொள்வதில் பின்தங்கின. எனவே அது ரீங்காரம் இல்லை, வேலை. கண் மூடிய பிறகுதான் பாடத்தின் இரண்டாம் பாதி நடக்கிறது.

இந்த இரண்டாம் பாதிக்கு ஆங்கிலத்தில் ஒரு கலைச்சொல் இருக்கிறது. தமிழில் ‘ஒருங்கிணைப்பு’ என்றும் ‘திடப்படுத்தல்’ என்றும் எழுதுகிறார்கள். முதலாவது ஏதோ மாவட்ட அதிகாரியின் வேலை மாதிரி இருக்கிறது. இரண்டாவது சிமெண்ட் வாடை அடிக்கிறது. மொழிபெயர்ப்பதே பிழைப்பாகிவிட்ட எனக்கு நம் அடுக்களையில் இருக்கும் சொல்லே போதும் என்று தோன்றுகிறது: உறைதல். ராத்திரி பாலைக் காய்ச்சி ஆறவைத்து, ஒரு கரண்டி மோர் விட்டு, மூடி, ஓர் ஓரமாக வைத்துவிடுகிறோம். வைத்த பிறகு பாத்திரத்தை ஆட்டக் கூடாது என்பதை எந்தப் பாட்டியும் சொல்வாள். ஆட்டினால் பால் எங்கும் போய்விடாது. தயிர்தான் ஆகாது. மனத்தில் உறைவது என்று தமிழில் எப்போதோ சொல்லியாகிவிட்டது. அதற்கும் ஆட்டம் ஆகாது என்பது இப்போது தெரிகிறது.

உறையும் நேரம் எது என்பதிலும் தெளிவு உண்டு. பென்ஸில்வேனியா பல்கலைக்கழகத்தில் டெட் ஏபலின் குழு 2003-இல் வெளியிட்ட ஆய்வில், சுண்டெலிகளை ஒரு பெட்டியில் விட்டு லேசாக மின்னதிர்ச்சி கொடுத்தார்கள். மறுநாள் அதே பெட்டியில் விட்டால் சுண்டெலி உறைந்துபோய் நிற்கும். இடம் ஞாபகம் இருக்கிறது என்று அர்த்தம். பாடம் முடிந்த உடனே ஐந்து மணி நேரம் தூங்கவிடாமல் செய்த சுண்டெலிகளிடம் அந்த ஞாபகம் மங்கியிருந்தது. முதல் ஐந்து மணி நேரம் தூங்கவிட்டு, அதற்கடுத்த ஐந்து மணி நேரம் விழிக்க வைத்தால் பாதகம் இல்லை. அதிர்ச்சியோடு சேர்த்து ஒலித்த ஓசையைப் பற்றிய பயமும் தப்பித்தது. ஹிப்போகேம்பஸை நம்பியிருந்த இட ஞாபகம்தான் அடி வாங்கியது. தூக்கமின்மை எல்லா ஞாபகத்தையும் ஒரே தட்டில் வைத்து அடிப்பதில்லை.

பாலூட்டிகளோடு இது நிற்கவில்லை. தேனீயும் தூங்கும். உணர்கொம்புகள் தொங்க, உடல் தளர்ந்து கிடக்கும். பெர்லினில் ராண்டால்ஃப் மென்ட்ஸெலின் குழு 2012-இல் தேனீக்களைப் பழக்கமான இடத்திலிருந்து எடுத்துப்போய்ப் புதிய இடத்தில் விட்டது. அவை தேடித் தேடிக் கூட்டுக்குத் திரும்பும் வழியைக் கற்றன. அன்றிரவு சிலவற்றைத் தூங்கவிடவில்லை. மறுநாள் அதே இடத்தில் விட்டபோது, தூக்கம் கெட்ட தேனீக்களில் வீடு வந்து சேர்ந்தவை குறைவு.

தேனீயின் வழி அதன் சொந்த விஷயம் மட்டும் இல்லை. பூ இருக்கும் திசையைக் கூட்டில் நடனமாடிச் சகோதரிகளுக்கு அது சொல்ல வேண்டும். 2010-இல் டெக்ஸாஸில் பாரெட் க்ளைன் என்ற ஆய்வாளர் தேனீக்களின் முதுகில் இரும்புத் துணுக்கு ஒட்டி, காந்தங்களைக் கூட்டின் மீது இரவெல்லாம் நகர்த்தி அவற்றை உலுக்கினார். காந்தத்துக்கு அசையாத செப்புத் துணுக்கு ஒட்டிய தேனீக்கள் நிம்மதியாகத் தூங்கின. மறுநாள் இரும்பு சுமந்த தேனீக்களின் நடனத்தில் திசை பிசகியது. ஒருத்தியின் தூக்கம் கெட்டால் கேட்பவர்களும் தப்பான திசைக்குப் போகக்கூடும்.

இதற்கு அப்புறம் யார் யார் என்ற இரண்டாவது ஞாபகம். தெலுங்கு தேசத்துப் பெண்கள் பாடும் ஒரு பாட்டில், லட்சுமணன் கானகம் போன 14 ஆண்டுகளும் ஊர்மிளை தூங்கியே கழிக்கிறாள். திரும்பி வந்து கட்டிலோரம் உட்கார்ந்த கணவனை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. யாரோ அந்நியன் புகுந்துவிட்டான் என்று பதறுகிறாள். தூக்கத்தையும் ஆளை அடையாளம் காண்பதையும் அந்தப் பாட்டிகள் எப்போதோ முடிச்சுப் போட்டிருக்கிறார்கள். சோதனைக்கூடத்தில் மட்டும் கதை தலைகீழ். அங்கே தூங்காத ஜீவனுக்குத்தான் ஆள் தெரியவில்லை.

சுண்டெலிக்குப் புதியவர் மீது ஆர்வம் அதிகம். ஏற்கனவே சந்தித்த சுண்டெலியையும் சந்திக்காததையும் எதிரே வைத்தால் புதியதைத்தான் அதிக நேரம் முகர்ந்து பார்க்கும். பழையதையும் அதே ஆர்வத்தோடு முகர்ந்தால் முந்தின சந்திப்பு மறந்துபோயிற்று என்று கொள்ளலாம். 2014-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஃபிரெடெரிக் ஹிட்டியும் ஸ்டீவன் சீகல்பாமும் ஹிப்போகேம்பஸில் சி.ஏ.2 என்ற சிறு பகுதியை முடக்கினார்கள். சுண்டெலி இன்னொன்றோடு பழகத் தயங்கவில்லை. இடமும் மறக்கவில்லை. ஆள் மட்டும் மறந்துபோயிற்று.

அதே கொலம்பியாவில் 2020-இல் அஸாஹாரா ஒலிவாவும் சகாக்களும் தூங்கும் சுண்டெலியின் சி.ஏ.2-வைக் கவனித்தார்கள். சந்திப்பின்போது இயங்கிய செல்கள், தூக்கத்தில் சிற்றலை எழும்போது மீண்டும் இயங்கின. அந்தச் சிற்றலைகளைக் கலைத்ததும் சந்தித்த சுண்டெலி அந்நியனாகிவிட்டது. செயற்கையாகச் சிற்றலையைத் தூண்டியபோது ஞாபகம் வலுத்தது. பாதையைத் திரும்ப ஓடிப் பார்ப்பது போலவே, பார்த்த ஆளையும் தூக்கத்தில் திரும்பச் சந்தித்தாக வேண்டியிருக்கிறது.

இதுவரை சொன்னதில் ஒரு கேள்வி தங்கிவிட்டது. தூக்கம் கெட்டவனின் பாடம் என்ன ஆகிறது? பதிவே ஆகவில்லையா? ஆகி அழிந்துவிட்டதா? எங்கோ கிடந்தும் கைக்கு எட்டவில்லையா?

நெதர்லாந்தின் க்ரோனிங்கன் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் ஹேவகஸ் இதைத்தான் துருவிக்கொண்டிருக்கிறார். அவரும் ஏபலும் சேர்ந்து 2016-இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஐந்து மணி நேரத் தூக்கம் போனாலே சுண்டெலியின் ஹிப்போகேம்பஸில் நரம்பு முட்கள் குறைகின்றன. ஒரு செல் இன்னொன்றின் செய்தியை வாங்கும் மொட்டுகள் இவை. மூன்று மணி நேரம் தூங்கவிட்டால் மொட்டுகள் மறுபடி துளிர்க்கின்றன. அப்படியானால் மொட்டோடு ஞாபகமும் உதிர்ந்துவிட்டது என்றுதான் எவரும் நினைப்பார்கள்.

2023 ஜனவரியில் அதே ஆய்வுக்கூடம் வேறு மாதிரி சொன்னது. சுண்டெலிகளைச் சில பொருள்கள் உள்ள பெட்டியில் விட்டார்கள். அப்போது இயங்கிய செல்களில், ஒளி பட்டால் விழித்துக்கொள்ளும் ஒரு புரதத்தை உயிரியல் தந்திரத்தால் அடையாளமாக வைத்தார்கள். பிறகு ஆறு மணி நேரம் தூக்கம் கிடையாது. சில நாள் கழித்து ஒரு பொருளை இடம் மாற்றி வைத்தபோது, தூக்கம் கெட்ட சுண்டெலிகளுக்கு அது உறைக்கவே இல்லை. பரீட்சைக்குக் கொஞ்சம் முன்னால் மூளைக்குள் ஒளியைப் பாய்ச்சி அடையாளம் வைத்த செல்களை எழுப்பினார்கள். மாறிய பொருளைச் சுண்டெலி கண்டுகொண்டது.

ஞாபகம் அழிந்திருந்தால் ஒளி எதை எழுப்பியிருக்க முடியும்? சரக்கு கிடங்கிலேயே இருந்தது. போகும் வழிதான் தூர்ந்திருந்தது. நாள்பட்ட நுரையீரல் அடைப்புக்குக் கொடுக்கும் ரோஃப்ளூமிலாஸ்ட் என்ற மருந்தும் அதே பலனைத் தந்தது. தூக்கம் கெட்டால் குறையும் ஒரு வேதிப்பொருளை நரம்புச் செல்லுக்குள் சிதையாமல் காப்பது இந்த மருந்தின் வேலை. ஒளியும் மருந்தும் சேர்ந்தபோது, சில நாள் கழித்து எந்த உதவியும் இல்லாமலே சுண்டெலிக்கு நினைவு வந்தது. 2024 ஜூனில் வியன்னாவில் நடந்த நரம்பியல் மாநாட்டில், தூக்கமின்மையால் இழந்த ஆள் ஞாபகத்தையும் சுண்டெலிகளிடம் இப்படி மீட்க முடிகிறது என்று அதே குழு அறிவித்தது.

இதைப் படித்த மாத்திரத்தில் என்ன நடக்கும் என்று ஊகிப்பது சுலபம். பரீட்சைக்கு முன்னால் போட்டுக்கொள்ள ஒரு மாத்திரை கேட்டு ஒரு கூட்டம் கிளம்பும். அவசரம் வேண்டாம். மனித மூளைக்குள் ஒளி பாய்ச்சி ஞாபகம் மீட்கும் வித்தை யாரிடமும் இல்லை. மருந்து நுரையீரல் நோயாளிக்காக வந்தது. வயிற்றுப்போக்கும் எடைக்குறைவும் அதன் தெரிந்த பக்கவிளைவுகள். இன்னொரு வித்தியாசமும் உண்டு. சுண்டெலி பகலில் தூங்கும், அதுவும் துண்டு துண்டாக. பெட்டிக்குள் அது கற்பது ஒரு பொருளின் இடத்தை. பிள்ளை கற்பது கரிம வேதியியலை. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போது காலடி பார்த்து வைக்க வேண்டும்.

அத்தனை ஜாக்கிரதைக்குப் பிறகும் ஒரு விஷயம் கையில் நிற்கிறது. எலியும் சுண்டெலியும் உறவுக்காரர்கள், தேனீயோ அவற்றோடு சம்பந்தமில்லாத ஜீவன். அவற்றின் மூளைக்கும் தேனீயின் மூளைக்கும் ஏணி வைத்தாலும் எட்டாத வித்தியாசம். மூன்றும் ஒரே திசையில் கை காட்டுகின்றன. கற்ற பிறகு தூக்கம் கெட்டால் கற்றது கைகொடுப்பதில்லை. சுண்டெலியின் சாட்சிப்படி, தூங்காதவன் கற்றதைத் தொலைக்கவில்லை. அதற்குப் போகும் வழியைத் தொலைக்கிறான். பரீட்சை ஹாலில் ‘படித்தேனே, வரவில்லையே’ என்று விழிக்கும் பிள்ளை பொய் சொல்லவில்லை என்று ஒரு சுண்டெலி சாட்சி சொல்லத் தயாராக இருக்கிறது. அவனை மக்கு என்று திட்டுவதற்கு முன் ராத்திரி எத்தனை மணிக்கு விளக்கை அணைத்தான் என்று கேட்பது நல்லது.

விளக்கை அணைக்கும் உரிமை அந்தப் பிள்ளைக்காவது இருக்கிறது. 2011 ஜூன் 4 நள்ளிரவில் டெல்லி ராம்லீலா மைதானத்தில் தூங்கிக்கொண்டிருந்த கூட்டத்தைப் போலீஸ் எழுப்பி விரட்டியது. அந்த வழக்கில் 2012 பிப்ரவரி 23-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, நீதிபதி பி.எஸ். சௌஹான் தம் தனித் தீர்ப்புரையில் தூக்கத்தை மூச்சு விடுவது, உண்பது, குடிப்பது ஆகியவற்றோடு ஒரே வரிசையில் அடிப்படை உரிமையாக வைத்தார். அரசியல் சட்டத்தின் 21-ஆவது பிரிவு உயிர் வாழும் உரிமையைச் சொல்கிறது. அதற்குள் தூக்கமும் வந்து சேர்ந்தது.

தீர்ப்பு ஏட்டில் இருக்கிறது. வாரத்துக்கு வாரம் ஷிஃப்ட் மாறும் நர்ஸ், இரண்டு மாநிலம் தாண்டி லாரி ஓட்டும் டிரைவர், மேம்பாலத்துக்கு அடியில் லத்தியின் சத்தம் கேட்டு எழுந்து இடம் மாறும் குடும்பம். இவர்களுக்கு உறையும் நேரம் வாய்ப்பதே இல்லை. இரவு வேலைக்குக் கூலி பேசும்போது உடம்பு அலுப்புக்குத்தான் விலை போடுகிறார்கள். அன்றைக்குப் பழகிய தொழிலும், பார்த்த முகமும், வந்த வழியும் மனத்தில் உறையாமல் போவதற்கு எந்த ஒப்பந்தத்திலும் பத்தி கிடையாது.

சோதனைக்கூடத்துச் சுண்டெலிக்குக்கூட ஆறு மணி நேரம் கழித்துத் தூங்க அனுமதி உண்டு.